டெய்க்சிஸ்: நான், இங்கே, இப்போது

பூட்டிய கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: “பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்.” தமிழ் தெரிந்தவருக்கு இதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் காத்திருப்பதா திரும்பிப் போவதா என்று முடிவு செய்ய இந்தத் தாள் உதவாது. யார் எழுதியது, எத்தனை மணிக்கு எழுதியது என்ற இரண்டும் தாளுக்கு வெளியே இருக்கின்றன. வாக்கியம் விளங்குகிறது; செய்தி கிடைக்கவில்லை. சொற்களுக்கு உள்ள இந்த இயல்பைத்தான் மொழியியலில் டெய்க்சிஸ் என்கிறார்கள். தத்துவம் படித்தவர்கள் இதே பண்புள்ள சொற்களை இண்டெக்சிகல் என்பார்கள்.

‘சூழலைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல்’ என்று இதற்கு ஒரு விளக்கம் அடிக்கடி தரப்படுகிறது. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. ‘மாலை’ என்ற சொல் ஓரிடத்தில் பொழுதையும் ஓரிடத்தில் பூச்சரத்தையும் குறிக்கும். எது என்று சூழல்தான் சொல்கிறது. ஆனால் அது டெய்க்சிஸ் அல்ல. ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ‘உயரமான’ என்பதும் சூழலைச் சார்ந்தது. உயரமான குழந்தையும் உயரமான கோபுரமும் ஒரே அளவில் இருக்கப்போவதில்லை. அதுவும் டெய்க்சிஸ் ஆகாது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் அங்கே மாறுகிறது.

சூழல் என்ற சொல் இங்கே மிகவும் அகலம். டெய்க்டிக் சொல், அதாவது டெய்க்சிஸ் பண்புள்ள சொல், நம்பியிருப்பது பேச்சு நடந்த நிகழ்வை மட்டும்: சொன்னவர், கேட்டவர், சொன்ன நேரம், சொன்ன இடம், சொல்லும்போது நீட்டிய விரல். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நான்’ என்பதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. ‘இதைச் சொல்பவர்’ என்பதுதான் எப்போதும் அதன் பொருள். மாறுவது அந்த விதி போய்த் தொடும் ஆள். டேவிட் காப்லன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதைத் துல்லியமாகப் பிரித்தார். சொல்லோடு பிறந்த மாறாத விதியை அவர் கேரக்டர் என்றார். குறிப்பிட்ட பேச்சில் அந்த விதி தரும் விளைவை கன்டென்ட் என்றார். இதைச் சொன்ன அவருடைய கட்டுரை 1977 முதல் கையெழுத்துப் படியாகவே சுற்றி, 1989இல்தான் அச்சானது.

ஒரு சொல் டெய்க்டிக்கா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மாற்றுங்கள், பிறகு நாளை மாற்றுங்கள், பிறகு இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். “நேற்று இங்கே மழை பெய்தது” என்பதை யார் சொன்னாலும் செய்தி ஒன்றுதான். நாளை மாற்றினால் ‘நேற்று’ வேறு தேதியைத் தொடும். இடத்தை மாற்றினால் ‘இங்கே’ வேறு ஊரைத் தொடும். ‘பெய்தது’ என்ற இறந்தகாலத்தையும் விட்டுவிடக் கூடாது. எதற்கு முன் என்று கேட்டால் சொல்லும் நேரத்துக்கு முன் என்பதுதான் பதில். வினைமுற்றின் காலமும் டெய்க்டிக்தான். பாடம் நடத்துபவர்களே பலமுறை இதை மறந்துவிடுகிறார்கள்.

சோதனையில் வழுக்கும் இடம் மூன்றாம் ஆள். “வாசலில் ஒரு பையன் நிற்கிறான். அவன் யார்?” இங்கே ‘அவன்’ விரல் நீட்டிச் சுட்டவில்லை, முன் வாக்கியத்தில் வந்த பையனைத் திரும்பப் பிடிக்கிறது. இதற்கு அனஃபரா என்று பெயர். அதே ‘அவன்’ கூட்டத்தில் ஒருவனைக் கைகாட்டிச் சொல்லப்பட்டால் டெய்க்சிஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த இலக்கணக்காரர் அப்பொல்லோனியஸ் டிஸ்கொலஸ் இந்த வேறுபாட்டை அப்போதே எழுதிவைத்தார். தன்மையும் முன்னிலையும் எப்போதும் டெய்க்சிஸ். படர்க்கை இரண்டாகவும் வரும் என்பது அவர் கருத்து. இன்றைய பாடநூல்கள் அதற்கு மேல் அதிகம் சேர்த்துவிடவில்லை.

டெய்க்சிஸ் என்பது கிரேக்கச் சொல். காட்டுதல் என்று பொருள், வினை டெய்க்னூமி. மொழி வரலாற்றாய்வாளர்கள் இதன் இந்தோ-ஐரோப்பிய வேரை ‘டெய்க்’ என்று மீட்டெடுக்கிறார்கள். அதே வேரிலிருந்து லத்தீனில் சொல்லுதல் என்ற வினை வந்தது, இண்டெக்ஸ் வந்தது. லத்தீனில் இண்டெக்ஸ் என்றால் காட்டுவது, சுட்டுவிரல். சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘திஶ்’ ஆனது. நாம் எடுத்துக்கொண்ட திசை, தேசம், உபதேசம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆக, டெய்க்சிஸ், இண்டெக்சிகல், திசை மூன்றும் ஒரே குடும்பம். தமிழின் ‘சுட்டு’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அதுவும் சுட்டுவிரலிலிருந்து விலகவில்லை.

நவீன மொழியியலில் இந்தக் கலைச்சொல்லை நிலைநிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கார்ல் பூலர். ஜெர்மன் மொழியில் எழுதிய உளவியலாளர். 1934இல் அவர் முன்வைத்த கருத்து இது: ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தொடக்கப்புள்ளி உண்டு, அதன் பெயர் ஒரிகோ, நான், இங்கே, இப்போது என்ற மூன்றும் அதில் சந்திக்கின்றன. சுட்டுச்சொற்கள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கின்றன. அந்தப் புள்ளியைக் கற்பனைக்குள் தூக்கிக்கொண்டு போய் வைக்கவும் முடியும் என்றார். ஒருவருக்கு வழி சொல்லும்போது “இப்போ நீங்க பாலத்துக்கு மேல நிக்கிறீங்க, இந்தப் பக்கம் ஒரு தெரு போகும்” என்கிறோமே, அது அந்த வகை. பாலமும் எதிரில் இல்லை, தெருவும் எதிரில் இல்லை. ஆனாலும் ‘இந்த’ வேலை செய்கிறது.

பெயர்கள் வேறு நிறைய உண்டு. மொழியியலாளர் யெஸ்பர்சன் 1922இல் ஷிஃப்டர், அதாவது நகர்வது, என்றார். இன்னொரு மொழியியலாளர் யாக்கப்சன் 1957இல் அதை எடுத்து விரித்தார். தத்துவவாதிகளில் ரஸ்ஸல் 1940இல் ‘தன்னை மையமாகக் கொண்ட சொற்கள்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ரைகன்பாக் 1947இல் இன்னொன்று வைத்தார். இண்டெக்சிகல் என்ற பெயர் தத்துவவாதி பர்ஸின் குறியியலில் வரும் இண்டெக்ஸிலிருந்து கிளைத்தது; 1954இல் பார்-ஹிலல் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. பெயர் எதுவானாலும் பேசப்படும் பொருள் ஏறத்தாழ ஒன்று. மொழியியலார் டெய்க்சிஸ் என்னும்போது மொழியின் கட்டமைப்பைப் பார்க்கிறார்கள்; தத்துவத்தார் இண்டெக்சிகல் என்னும்போது வாக்கியம் மெய்யா பொய்யா என்பதைப் பார்க்கிறார்கள்.

தத்துவத்தில் இதன் முக்கியத்துவத்தைக் காட்ட தத்துவவாதி ஜான் பெர்ரி 1979இல் தந்த உதாரணத்தை மிஞ்ச எதுவும் இல்லை. கடைக்குள் ஒருவர் தள்ளுவண்டியோடு போகிறார். தரையில் சர்க்கரைக் கோடு தெரிகிறது. யாருடைய பை கிழிந்திருக்கிறதோ அவரிடம் சொல்லலாம் என்று கோட்டைப் பின்தொடர்கிறார். சுற்றிச் சுற்றி வர கோடு தடித்துக்கொண்டே போகிறது. கடைசியில், “சிந்துவது நான்தான்” என்று உறைக்கிறது. அந்தக் கணத்தில்தான் நின்று பையைச் சரிசெய்கிறார். ‘நான்’ இருந்த இடத்தில் அவருடைய பெயரைப் போட்டுப் பாருங்கள். பெர்ரி என்பவர் சிந்துகிறார் என்று அறிவதால் மட்டும் அவர் நிற்க வேண்டிய காரணம் இல்லை. தான்தான் பெர்ரி என்பதும் தெரிய வேண்டும். சுட்டை நீக்கிப் பெயர் போட்டால் ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

தமிழ்ப் பக்கம் வருவோம். “அ இ உ அம்மூன்றும் சுட்டு” என்று தொல்காப்பியம் நூன்மரபிலேயே சொல்லிவிடுகிறது. அ தொலைவுக்கு, இ அருகுக்கு, உ இடைப்பட்டதற்கு. உகரம் எழுத்து வழக்கில் அருகிவிட்டாலும் யாழ்ப்பாணப் பேச்சில் உது, உவன், உங்கை என்று உயிரோடு இருக்கிறது. ஜப்பானிய மொழியிலும் இப்படி மூன்று வரிசை உண்டு: கோ சொல்பவர் அருகே, சோ கேட்பவர் அருகே, ஆ இருவருக்கும் தொலைவில்.

இதை மட்டும் பார்த்துவிட்டு, டெய்க்சிஸுக்குச் சரியான தமிழ் சுட்டு என்று முடிப்பவர்கள் உண்டு. முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. இலக்கண மரபில் சுட்டு என்பது அந்த மூன்று எழுத்தும் அவை சேர்ந்த சொற்களும். ‘நான்’, ‘நாளை’, ‘வா’, வினைமுற்றின் காலம் ஆகியவற்றைச் சுட்டு என்று நாம் சொல்வதில்லை. டெய்க்சிஸ் இவை அத்தனையையும் பிடிக்கிறது.

பெயர்தான் குறுகியது, கருத்து தொல்காப்பியருக்குக் குறுகியதாக இல்லை. கிளவியாக்கத்தில் செல், வா, தா, கொடு என்ற நான்கு வினைகளை எடுத்துக்கொண்டு அவற்றை மூவிடத்தோடு பொருத்துகிறார். “தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த” என்கிறது நூற்பா. மற்ற இரண்டும் படர்க்கைக்கு. அதாவது என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான். ஆனால் அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். ஆங்கிலத்தில் வருதல், போதல் வினைகளின் டெய்க்சிஸை மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1966இல் ஒரு கட்டுரையிலும் 1971இல் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளிலும் விரிவாக ஆராய்ந்தார். அவர் அடுக்கிய கேள்விகளில் முதன்மையானது, வினை யாரை நோக்கியது என்பதுதான்.

தா, கொடு வேறுபாடு இன்றைய தமிழில் கலைந்துவிட்டது. “எனக்குக் கொடு” என்பது இயல்பான பேச்சு. மலையாளம் அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வா, போ வேறுபாடு தமிழில் அசையவில்லை. வீட்டிலிருந்தபடி இரண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்கள்: “நாளைக்கு நூலகத்துக்கு வா.” “நாளைக்கு நூலகத்துக்குப் போ.” முதலாவதில், சொல்பவர் நாளை நூலகத்தில் இருப்பார். இரண்டாவதில் இருக்க மாட்டார். பேசும் கணத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அப்படியென்றால் ‘வா’ அளப்பது பேசும் கணத்து இடத்திலிருந்து மட்டுமல்ல. போய்ச்சேரும் கணத்தில் பேச்சாளர் இருக்கும் இடமும் கணக்கில் வரும். தமிழில் கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் ‘வா’ பொருந்தும்; ஸ்பானிய மொழியில் அந்தச் சலுகை கேட்பவருக்கு இல்லை. யாராவது அழைத்தால் நாம் “இதோ வரேன்” என்போம்; ஸ்பானியர் ‘இதோ போகிறேன்’ என்ற வினையைத்தான் சொல்வார்.

கொடு பற்றி இன்னொரு நூற்பாவும் இருக்கிறது. எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள் என்று சொல்லி, ஈ தாழ்ந்தவன் கேட்பது, தா ஒத்தவன் கேட்பது, கொடு உயர்ந்தவன் கேட்பது என்று வகுக்கிறார். யார் யாரிடம் பேசுகிறார் என்ற உறவு சொல்லிலேயே பதிவாவதை இன்று சமூக டெய்க்சிஸ் என்கிறார்கள். நீ, நீங்கள் எல்லாம் அந்தக் கணக்கு. சுவையான பகுதி அடுத்து வருகிறது. படர்க்கைக்குரிய ‘கொடு’, தனக்குக் கேட்கும்போது எப்படி வரலாம்? “தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பின்” என்று விடை தருகிறார். உயர்ந்தவன் தன்னையே வேறொருவனாக நிறுத்திப் பேசுகிறான் என்பது விளக்கம். ஒரிகோவை நகர்த்தலாம் என்று பூலர் சொன்னதற்கு நெருங்கிய உறவு.

நடைமுறையில் டெய்க்சிஸ் அதிகம் உடைவது பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது. தமிழில் அதற்கு இரண்டு வழி: ‘என்று’ போட்டுச் சொல்வது, ‘-ஆக’ போட்டுச் சொல்வது. திங்கட்கிழமை ஒருவன் “நாளை வருகிறேன்” என்கிறான். அதை நீங்கள் புதன்கிழமை இன்னொருவருக்குச் சொல்கிறீர்கள். “நாளை வருகிறேன் என்று சொன்னான்” என்றால் நாளை பெரும்பாலும் செவ்வாய். அவன் வாய்ச்சொல் அப்படியே வருகிறது. “நாளை வருவதாகச் சொன்னான்” என்றால் கேட்பவர் வியாழன் என்றே எடுத்துக்கொள்வார். ‘-ஆக’ வந்ததும் அளவுகோல் உங்கள் கைக்கு மாறிவிடுகிறது. செவ்வாயைச் சொல்ல “மறுநாள் வருவதாகச் சொன்னான்” என்றுதான் எழுத வேண்டும். ‘நேற்று’ என்பது ‘முந்தின நாள்’ ஆகும், ‘இன்று’ ‘அன்று’ ஆகும், ‘இங்கே’ ‘அங்கே’ ஆகும், ‘இப்போது’ ‘அப்போது’ ஆகும்; மற்றவையும் இப்படியே நகரும். வினையும் நகரலாம்: அவன் ‘வருகிறேன்’ என்ற இடத்தில் நீங்களோ கேட்பவரோ இல்லையென்றால் அங்கே போவதாகச் சொன்னான் என்றாகும். செய்தி எழுதுபவர்கள் நாளையை அப்படியே வைத்துக்கொண்டு ‘என்று’ இருந்த இடத்தில் ‘-ஆக’ மட்டும் போடுவது மிகச் சாதாரணமான பிழை. ஒரு நாள் தாமதமாக வாசிப்பவருக்கு மூன்று தேதி சாத்தியமாகிவிடுகிறது.

‘நான்’ இன்னும் மோசம். “நான் தோற்றுவிட்டேன் என்று ராமன் சொன்னான்.” தோற்றது ராமனா, இதைச் சொல்பவரா? இரண்டும் சரியான தமிழ். பேச்சில் நிறுத்தமும் தொனியும் காப்பாற்றும். எழுத்தில் மேற்கோள்குறி போடாவிட்டால் கதி இல்லை. ‘-ஆக’ போட்டுத் ‘தான்’ சேர்த்தால் குழப்பம் தீரும்: தான் தோற்றுவிட்டதாக ராமன் சொன்னான். ஆனால் “ராமன் தான் தோற்றதாகச் சொன்னான்” என்ற வரிசையில் இடைவெளி கவனம். ‘ராமன்தான்’ என்று ஒட்டிவிட்டால், தோற்றது யார் என்ற செய்தி போய், சொன்னது ராமனே என்ற அழுத்தம் மட்டும் மிஞ்சும்.

காப்லன் ஒரு துணிச்சலான கருத்தைச் சொல்லியிருந்தார்: ‘சொன்னான்’ போன்ற எந்த வினையும் தன் உள்ளே இருக்கும் ‘நான்’, ‘நாளை’ ஆகியவற்றின் அளவுகோலை மாற்ற முடியாது, அப்படி மாற்றும் ஒன்று இருந்தால் அது ராட்சசன், மனித மொழியில் அது கிடையாது. பிலிப் ஷ்லெங்கர் 2003இல் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியை எடுத்துக்காட்டி ராட்சசர்களுக்காக வாதாடினார். அங்கே மேற்கோள் அல்லாத இடத்திலும் உள்ளே வரும் ‘நான்’ சொன்னவனைக் குறிக்க முடியும். தமிழ்ப் பேச்சிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு: “தான் ஜெயிச்சேன்னு ராமன் சொன்னான்.” எழுவாய் ‘தான்’ படர்க்கை, வினைமுற்று ‘ஜெயிச்சேன்’ தன்மை. முழு மேற்கோள் என்றால் ‘நான்’ வந்திருக்க வேண்டும். முழு அயற்கூற்று என்றால் விகுதி -ஏன் வந்திருக்கக் கூடாது. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கக்கூடிய இந்த வாக்கியம்தான் இந்தத் துறையில் மதிப்புள்ள தரவு.

காப்லனின் தர்க்கத்துக்கு இன்னொரு தலைவலி. “நான் இப்போது இங்கே இருக்கிறேன்” என்பதை யார் எப்போது சொன்னாலும் மெய்யாகவே இருக்கும் என்று அவர் முறை காட்டுகிறது. அப்படியானால் “நான் இப்போது இங்கே இல்லை” என்பது எப்போதும் பொய்யாக வேண்டும். தொலைபேசியில் பதிவுசெய்த குரல் அதைச் சொல்லும்போது யாரும் பொய் என்று சண்டைக்குப் போவதில்லை. காரணம், அங்கே ‘இப்போது’ பதிவுசெய்த நேரத்திலிருந்து அளக்கவில்லை. கேட்கும் நேரத்திலிருந்து அளக்கிறது. பேசும் நேரம், பெறும் நேரம் என்று ஃபில்மோர் இரண்டாகப் பிரித்தது இந்த வகைக்குத்தான். முகத்துக்கு முகம் பேசும்போது இரண்டும் ஒன்று. எழுத்திலும் பதிவிலும் பிரிந்துவிடும்.

அதனால் எழுதியதைத் திருத்தும்போது முதலில் நேரத்தைப் பாருங்கள். எழுதியவர் யார் என்பது பெரும்பாலும் தெரியும், இடம் ஓரளவு தெரியும். வாசிக்கும் நேரம் மட்டும் யாருக்கும் தெரியாது. இன்று, நாளை, தற்போது, அண்மையில், கடந்த ஆண்டு, அடுத்த மாதம் என்று வரும் ஒவ்வொன்றையும் பிடித்து, இரண்டு ஆண்டு கழித்து வாசிப்பவருக்கு அது எந்தத் தேதி என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் தேதி போடுங்கள். ‘அடுத்த வெள்ளி’ தனி வியாதி: புதன்கிழமை சொன்னால் சிலருக்கு நாளை மறுநாள், சிலருக்கு ஒன்பது நாள் கழித்து. ‘வரும் வெள்ளி’ கொஞ்சம் தெளிவு, ஆனால் வெள்ளிக்கிழமையே சொன்னால் அதுவும் ஆடும். தேதி எழுத மூன்று விநாடி.

எல்லாச் சுட்டையும் பிடுங்கிவிடவும் வேண்டாம். ‘இந்தப் பத்தி’ என்பது பத்தியோடு சேர்ந்தே பயணிக்கும். எங்கே ஒட்டினாலும் உடையாது. உடைவது ‘மேலே உள்ள படம்’, ‘வலப்பக்கப் பெட்டி’. கணினித் திரையில் வலப்பக்கம் இருந்தது கைப்பேசியில் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இடம், வலம் வெளியுலகிலும் இப்படித்தான். ‘மரத்துக்கு இடப்பக்கம்’ என்பதைப் பார்ப்பவரின் நிலையிலிருந்துதான் அளக்க முடியும், மரத்துக்கு முகம் இல்லை. ‘காருக்கு இடப்பக்கம்’ என்றால் கார் பார்க்கும் திசையை வைத்தும் அளக்கலாம், நிற்பவரை வைத்தும் அளக்கலாம். காரும் பார்ப்பவரும் எதிரெதிரே நின்றால் விடை தலைகீழ். வடக்கு, தெற்கு சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை.

அறிவிப்பு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது நாம், நாங்கள். தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், ‘நாங்கள்’ விலக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்த அறிவிப்புகளில் “நாம் கட்டணத்தை உயர்த்தியுள்ளோம்” என்று வந்தால் கட்டணம் கட்டப்போகிறவரும் உயர்த்தியவர்களில் ஒருவர் ஆகிவிடுகிறார். அங்கே ‘நாங்கள்’ தான் வேண்டும். வினைமுற்றின் -ஓம் விகுதி இரண்டுக்கும் பொது என்பதால் எழுவாயை விட்டுவிட்டு “உயர்த்தியுள்ளோம்” என்று மட்டும் எழுதினாலும் தப்பிக்கலாம். பல அறிவிப்புகள் அப்படித்தான் தப்பிக்கின்றன.